போல்ட்டைச் சுற்றி மஞ்சள் பொடி

போன மாதம் ஒரு கேஸ் டர்பைன் என்ஜினைப் பிரித்தபோது, டர்பைன் பக்கத்து போல்ட்டுகளைச் சுற்றி எலுமிச்சை நிறத்தில் பொடி படிந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஊதித் தள்ள ஏர் கன்னை எடுத்துவிட்டான். சட்டென்று கையைப் பிடித்தேன். "நாமதான் குரோம் இல்லாத கோட்டிங்குக்கு மாறிட்டோமே சார்" என்றான்.

கோட்டிங்கைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் பிளேடுகள் பலவும் சுமார் 12 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு. துருப்பிடிக்காத ரகம் என்றுதான் பெயர். கடலோர உப்புக் காற்று பட்டால் குழி குழியாய் அரித்துவிடும். அதனால் அலுமினியப் பொடியை அமிலக் கரைசலில் கலந்து ஸ்ப்ரே செய்து, 350 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு, கண்ணாடி மணிகளால் அடித்து இறுக்குவோம். அப்போதுதான் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் கடத்தும். அதன் பிறகு அரிப்பெல்லாம் அலுமினியத்துக்கு, எஃகு தப்பித்துக்கொள்ளும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு பிளேடையும் பாஸ் பண்ண மாட்டோம்.

பழைய கலவையில் குரோமேட் என்ற குரோமிய உப்பும் இருந்தது. எதற்கு? பாஸ்பாரிக் அமிலத்தில் அலுமினியப் பொடியைப் போட்டால் ஹைட்ரஜன் கொப்பளித்துக் கலவையே வீணாகும். பொடியை அடக்கி வைத்தது குரோமேட். நுரையீரல் புற்றுநோய் தரும் ஆறு இணைதிறன் குரோமியமும் அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2006இல் பணியிடக் காற்றுக்கான வரம்பைக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று இறக்கினார்கள். ஐரோப்பாவில் 2017 செப்டம்பருக்குப் பிறகு அதே வகைக் குரோமியம் கொண்ட குரோமியம் ட்ரையாக்சைடைப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். புதிய கலவைகளில் அமிலத்தின் கடுமையை முன்கூட்டியே குறைக்கிறார்கள், அல்லது அமிலத்தை விட்டுச் சிலிக்கேட் கரைசலுக்குப் போகிறார்கள். சிலவற்றைக் கலந்த கையோடு அடித்து முடித்தாக வேண்டும். ஷிப்டு மாறும் நேரத்தில் அது ஒரு தலைவலி.

சரி, அந்த மஞ்சள் பொடி? அது கோட்டிங்கே இல்லை. போல்ட் சூட்டில் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் சில பசைகளில் கால்சியம் உண்டு. உலோகத்திலுள்ள குரோமியத்தோடு அது சூட்டில் சேர்ந்தால் கால்சியம் குரோமேட். இதுவும் அதே ஆறு இணைதிறன் குரோமியம்தான், யாரும் வாங்கி ஊற்றாமல் என்ஜினுக்குள்ளேயே சமைந்தது. பஞ்சில் கொஞ்சம் எடுத்து டைஃபீனைல் கார்பசைடு சோதனைக் கரைசல் விட்டேன். ஊதா நிறம் வந்தது, ஆறு இணைதிறன் குரோமியம் இருப்பதற்கு அதுதான் அடையாளம். முகமூடி, கையுறை போட்டு, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவமால் உறிஞ்சி, ஈரத்துணியால் துடைத்தோம். பழைய குரோமேட் பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, உரிக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

மறுநாள் ஸ்டோரிலிருந்த பசை டப்பாக்களைப் பையனே எடுத்துவந்து பாதுகாப்புத் தாள்களைப் புரட்டினான். மூன்றில் இரண்டில் கால்சியம்.