பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்தினால்

குழந்தையைப் பரிசோதிப்பதற்கு முன்னால் அம்மாவின் போனை வாங்கிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு பழைய வீடியோ இருக்கும். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை தானே ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடும், பாதியைச் சட்டையில் சிந்தும், "இன்னும் தா" என்று கேட்கும். அதே குழந்தை இப்போது இரண்டரை வயதில் என் எதிரே அம்மாவின் மடியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே வைத்து ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டே இருக்கும். ஸ்பூனை நீட்டினால் கண் அதன்மேல் போகும், கை போகாது. "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்னு எல்லாரும் சொன்னாங்க டாக்டர்" என்பார் அம்மா.

அந்த எல்லாரும் கவனிக்காமல் விட்டது ஒன்றைத்தான்: தாமதம் வேறு, இழப்பு வேறு. இன்னும் பேசத் தொடங்காத குழந்தையையே காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும். வந்த பேச்சும் கைவேலையும் போய்விட்ட குழந்தை என்றால் ஒரு மாதம்கூடக் காத்திருக்காதீர்கள். காரணங்கள் பல இருக்கலாம். கை முறுக்கலும் சேர்ந்து வந்தால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரெட் சிண்ட்ரோம் (Rett) என்ற மரபணுப் பிழையால் வரும் நரம்பு நோய். ஏறக்குறைய 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும்.

இதைக் கண்டுபிடித்த கதையே ஒரு கை முறுக்கலில்தான் தொடங்குகிறது. 1954இல் வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவர், தன் கிளினிக்கில் காத்திருந்த இரண்டு சிறுமிகள் ஒரே மாதிரி கையைப் பிசைவதைக் கவனித்தார். 1966இல் ஜெர்மன் மொழியில் எழுதினார், பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. 1983இல் ஸ்வீடன் மருத்துவர் பெங்ட் ஹாக்பெர்க்கும் சகாக்களும் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அதே வருடம் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குழந்தை நரம்பியல் பயிற்சியில் இருந்தார் ஹூடா ஜோக்பி. பெய்ரூட்காரர், உள்நாட்டுப் போரால் மருத்துவப் படிப்பு பாதியில் நின்று, அமெரிக்காவில் முடித்தவர். இப்படி ஒரு சிறுமியைப் பார்த்தார். சில நாளில் இன்னொருத்தி வந்தாள், அவள் ஃபைலில் பெருமூளை வாதம் என்று எழுதியிருந்தது. அப்புறம் அவர் அந்தக் கைகளை விடவே இல்லை. மருத்துவராக இருந்தவர் மரபணு ஆய்வுக்கூடத்துக்குள் போய் முதலிலிருந்து கற்றுக்கொண்டார்.

மரபணு கிடைத்தது 1999இல். பதினாறு வருடம்! ஏன் இவ்வளவு காலம் என்றால், நோய்க்கான மரபணுவைத் தேடுபவர்களுக்குப் பல தலைமுறையாக அந்த நோய் ஓடும் குடும்பங்கள் வேண்டும், ரெட்டில் அப்படிக் குடும்பங்கள் மிக அரிது, பெரும்பாலும் வீட்டில் ஒரே ஒரு குழந்தைதான். அப்படிப் பெரிய குடும்பங்கள் கிடைத்த வேறொரு நரம்பு நோயின் மரபணுவை ஹாரி ஓர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ஜோக்பி 1993லேயே கண்டுபிடித்துவிட்டார். ரெட்டுக்கு, தேடும் இடத்தை மரபணுக்களைச் சுமக்கும் எக்ஸ் குரோமோசோமின் ஒரு பகுதிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கி, அங்கிருந்த மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சலிக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவர் ஆய்வுக்கூடத்தில் ரூதி அமீர் எம்.இ.சி.பி.2 (MECP2) என்ற மரபணுவில் பிழையைக் கண்டார். மற்ற மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைச் சரிபார்க்கும் மேஸ்திரி மாதிரியான புரதத்தை உண்டாக்குவது இது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் என் அறையில் அதிகம் கண்ணீர் வருவது இங்கேதான். அந்தப் பிழை பெரும்பாலும் பெற்றோரின் உடலில் இருந்து வருவதில்லை, புதிதாக உண்டாவது. அதுவும் பெரும்பாலும் விந்தணு உருவாகும்போது. கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்டதற்கும் நடந்ததற்கும் அழுததற்கும் இதில் சம்பந்தமே இல்லை. (சரி, அப்போ அப்பாதான் காரணமா என்று மாமியார் வீட்டை நோக்கித் திரும்பவும் வேண்டாம், யார் கையிலும் இல்லாத விஷயம் இது.) அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை, அதனால் கருத்தரிக்கும் முன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

2007இல் பிரிட்டன் விஞ்ஞானி ஏட்ரியன் பேர்டின் குழு, நோயுள்ள எலிகளில் அந்த மரபணுவைத் திரும்ப இயக்கியபோது எலிகள் தேறின. நரம்பணுக்கள் செத்துப்போகவில்லை, சரியாக வேலை செய்யாமல்தான் இருந்தன என்று அர்த்தம். அதற்காக மரபணுவை ஊசியில் ஏற்றிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: இதே புரதம் அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்து, இந்த மரபணு இரட்டித்துப் பிறக்கும் பையன்களுக்கு வேறொரு கடுமையான நோய் வருகிறது. உப்பு போடுவது போல, கூடினாலும் குறைந்தாலும் கெட்டுவிடும். 2023இல் அமெரிக்காவில் டிரோஃபினெடைடு என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. சில அறிகுறிகளைக் குறைக்கும், வயிற்றுப்போக்கு அதிகம் வரும், நோயைத் தீர்க்காது. யாராவது தீர்க்கும் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மரபணுப் பரிசோதனையில் "ஒன்றும் கண்டறியப்படவில்லை" என்று வந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அன்றைக்கு அர்த்தம் தெரியாத ஒரு மாற்றத்துக்குச் சில வருடங்களில் அர்த்தம் தெரிய வரலாம், அதே தரவை மறுபடி அலசச் சொல்லிக் கேட்கலாம். டாக்டரிடம் போகும்போது தலைச்சுற்றளவு குறித்த பழைய அட்டையை எடுத்துப் போங்கள், ரெட்டில் தலையின் வளர்ச்சி மெதுவாகும். எந்த வார்த்தை எந்த மாதம் நின்றது என்று ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதி வையுங்கள். போனில் இடம் போதவில்லை என்று அந்த ஸ்பூன் வீடியோவை மட்டும் அழித்துவிடாதீர்கள்.