தூணின் அடியில் சிமெண்ட் பூசாதீர்கள்

தென்மேற்கு பிரான்சில் மிர்புவா என்று ஒரு சிறிய ஊர். அதன் சந்தைச் சதுக்கத்தை மழையிலும் நனையாமல் சுற்றி வரலாம். வீடுகளின் மாடிகள் நடைபாதைக்கு மேலே நீண்டு, பருத்த மரத் தூண்கள்மேல் உட்கார்ந்திருக்கும். அடியில் கடைகள், நடப்பவர்கள். இந்தத் தாழ்வாரங்களை உள்ளூரில் 'கூவேர்' என்கிறார்கள்.

1289இல் ஆற்று வெள்ளம் பழைய ஊரை அழித்தது. எதிர்க்கரையில் நேர்த்தெருக்கள், நடுவே சந்தை என்று அளந்து புது ஊர் எழுப்பினார்கள். இப்படித் திட்டமிட்டுக் கட்டிய ஊருக்கு 'பாஸ்டீட்' என்று பெயர். அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கில் உண்டு. மிர்புவாவில் அன்று ஊரை நிர்வகித்த 'கன்சல்'களின் மாளிகையில் உத்தர முனைதோறும் ஒரு தலை செதுக்கியிருக்கிறார்கள். மனித முகம், மிருக முகம், விநோத முகம். அதை அண்ணாந்து பார்ப்பவர்கள் தூணின் அடியைக் குனிந்தும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பழைய மரச்சட்ட வீடுகளைச் சீர்செய்வது என் தொழில். வேறொரு பாஸ்டீட்டில் ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். மாடித் தரை சரிந்திருந்தது. தூணின் அடியைச் சுற்றி அழகாகச் சிமெண்ட் பூசியிருந்தது, பார்க்க உறுதிதான். பூச்சுக்குச் சற்று மேலே குத்தூசியை வைத்து அழுத்தினேன். பிடி வரை இறங்கிவிட்டது.

காரணம் எளிது. இந்தத் தூண்கள் கல் பீடத்தின்மேல் நிற்பவை. மழை நனைக்கும், காற்று உலர்த்தும். சிமெண்ட் பூசினால் மரத்துக்கும் பூச்சுக்கும் இடையே விரிசல் விடும். அதன் வழியே தண்ணீர் இறங்கும், திரும்பி வெளியேறாது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியபடியே இருந்தால் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் வண்டு வரும். நடைபாதையை உயர்த்திப் பீடத்தைப் புதைப்பதும் இதே கேட்டைச் செய்யும். சுவர்களுக்கும் சிமெண்ட் வேண்டாம். ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புச் சாந்துதான் சரி.

பிரான்சில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததிலிருந்து, பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் அனுமதியின்றிக் கைவைக்க முடியாது. 1943இல் வந்த சட்டம் சுற்றியுள்ள 500 மீட்டரையும் கண்காணிப்பில் கொண்டுவந்தது. அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று வீட்டுக்காரர்கள் சலித்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சிமெண்ட் பூச்சு யாரிடமும் கேட்காமல் ஒரே பிற்பகலில் செய்த வேலை. 'இது சின்ன வேலைதானே' என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு தூண் அமிழ்ந்தால் அதன்மேல் கிடக்கும் உத்தரம் பக்கத்து வீட்டையும் இழுக்கும்.

தூண் முழுவதையும் மாற்றலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. முட்டுக் கொடுத்து மாடியைத் தாங்கிக்கொண்டு, அழுகிய அடியை மட்டும் அறுத்தோம். உலர்ந்த ஓக் துண்டு ஒன்றைக் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி மர ஆணி அடித்தோம். பீடத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டி எடுத்து, கல் மறுபடி வெளியே தெரியும்படி விட்டோம். மேலே இருந்த பழைய மரத்தில் தச்சரின் கோடரித் தடம் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.