ரணகள்ளி கல்லைக் கரைக்குமா?

சேலத்தில் பங்குனி பிறந்தால் சிறுநீரகக் கல் வலியோடு வருபவர்கள் கூடிவிடுவார்கள். அவர்களில் பலர் வெறும் வயிற்றில் ரணகள்ளி இலையை மென்றுவிட்டுத்தான் வருகிறார்கள். சேர்வராயன் மலைப்பக்கம் போன யாராவது பறித்துக் கொடுத்திருப்பார்கள்.

மடகாஸ்கரிலிருந்து வந்த செடி அது. பாறை இடுக்கில் ஒரு பிடி மண் போதும், பிழைத்துக்கொள்ளும். தை மாதத்தில் சிவப்பும் பச்சையுமாகக் குடுவைப் பூக்கள் தொங்கும். இலையைக் கிள்ளிக் கயிற்றில் கட்டினாலும் ஓரத்தில் குட்டிச்செடி முளைக்கும் என்பதால் 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்றே இதற்கு இன்னொரு பெயர். புண்ணுக்கு வைத்துக் கட்டியதால் ரணகள்ளி. கல் கரைக்கும் புகழ் எப்படியோ கூடவே ஒட்டிக்கொண்டது.

'விடியற்காலையில் புளிக்கும்போதே தின்னணும்' என்பார்கள். புளிப்பு உண்மைதான். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன் இதே இலையை மென்று பார்த்தார். காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையில்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதியது 1815இல் லண்டனில் அச்சானது. வெயிலில் தண்ணீர் வீணாகாமலிருக்க, இச்செடி இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கிறது. பகலில் அதைச் செலவழிக்கிறது. செடி தனக்காகக் கட்டிவைத்த சோற்றுமூட்டை அது. புளிப்பதாலேயே மருந்தாகிவிடாது.

சரி, பலருக்குக் கல் விழுந்ததே? 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தானாகவே இறங்கிவிடும். பேர் மட்டும் இலைக்கு. பெரிய கல் அடைத்திருந்தால் வலி நின்ற பிறகும் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கலாம். அது ஸ்கேனில்தான் தெரியும்.

என் பெரிய கவலை இதய நோயாளிகள். இச்செடியில் பூஃபாடையினோலைடு என்ற, இதயத் துடிப்பைத் தாக்கும் நச்சு இருக்கிறது, பூவில் அதிகம். ஆஸ்திரேலியாவில் இந்த வகைச் செடிகளை மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. இதய நோயாளிகள் சிலருக்குக் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரையும் இதயத்தில் இதே வழியில்தான் வேலை செய்கிறது. இரண்டும் ஒன்றுசேரக் கூடாது. 'வேறென்ன சாப்பிடுறீங்க' என்று டாக்டர் கேட்டால் இலையையும் சொல்லுங்கள். 'அது மருந்தா என்ன' என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒடித்தால் பால் வடிகிறதா? அப்படியானால் அது ரணகள்ளியே இல்லை, வேறு கள்ளி. அந்தப் பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். அப்புறம், கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் நின்றுபோனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.