மாலை போட்டிருக்கிறீர்களா? செட்டைக் குறையுங்கள், தூக்கும் எடையைக் குறைக்காதீர்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் பாதியாகிவிடும். சபரிமலைக்கு மாலை போட்டவர்களில் சிலர் 48 நாட்களும் இந்தப் பக்கமே வருவதில்லை. வருகிறவர்களோ, “விரதம் சாமி, லேசாகச் செய்துகொள்கிறேன்” என்று கையில் கிடைத்த சின்ன டம்பெல்லை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ‘லேசாக’ என்ற சொல்லில்தான் தவறு தொடங்குகிறது. குறைக்க வேண்டியது செட்டை, அதாவது இடைவிடாமல் தூக்கும் சுற்றுகளின் எண்ணிக்கையை.

பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் டெட்லிஃப்டில், அதாவது எடைக்கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் பயிற்சியில், 120 கிலோவை ஐந்து முறை தூக்கிக்கொண்டிருந்தார். மாலை போட்டதும் 50 கிலோவுக்கு இறங்கி, வாரம் ஐந்து நாள், இருபது இருபது முறையாகத் தூக்கினார். வியர்வை கொட்டியது, அவருக்கும் திருப்திதான். மலைக்குப் போய்வந்த பிறகு 110 கிலோவில் கை வைத்தார். கம்பி முழங்காலைத் தாண்டுவதற்குள் முதுகு வளைந்துவிட்டது. உடனே கீழே வைக்கச் சொன்னேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். விரலடியில் இருந்த காய்ப்பெல்லாம் மென்மையாகிப் போயிருந்தது.

இலகுவான எடையைத் தசை சோரும்வரை தூக்கினால் தசையின் அளவு பெரும்பாலும் நிற்கும். கனத்தைத் தூக்கும் பலம் அப்படி நிற்பதில்லை. நரம்பும் தசையும் சேர்ந்து பழகிய திறமை அது. அவ்வப்போது கனத்தைத் தொட்டால்தான் தங்கும். ஆனால் அதற்குத் தேவைப்படும் உழைப்பு மிகக் குறைவு. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 16 வாரம் பயிற்சி செய்தவர்களில் ஒரு பிரிவினருக்கு அடுத்த 32 வாரம் செட்டுகளை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். வாரத்தில் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே செட். இளைஞர்களுக்குப் பலமும் தசையும் நின்றன. அறுபதைக் கடந்தவர்களுக்குப் பலம் நின்றது, தசை நிற்கவில்லை. ஆகவே வயதான குருசாமிகள் வாரம் இரண்டு மூன்று நாளாவது வாருங்கள்.

அடுத்த ஆண்டு அதே தம்பியை வாரம் இரண்டே நாள் வரச் சொன்னேன். 110 கிலோ, இரண்டு செட், ஐந்து ஐந்து முறை. அரை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். பொங்கல் முடிந்த இரண்டாம் வாரமே 120ஐத் தூக்கிவிட்டார்.

இடையில் ஒருநாள் கையை அளந்துவிட்டு, ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டதென்று கலங்கிப்போய் வந்தார். ஒருவேளைச் சாப்பாட்டில் முதலில் குறைவது தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துதான். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் தங்கியிருக்கும். அதுவும் சேர்ந்து வெளியேறுகிறது. சோறு வயிறாரக் கிடைத்ததும் அந்தச் சுற்றளவு திரும்பிவிடும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது புரதத்தைப் பற்றித்தான். முட்டையும் கோழியும் நின்றதும் அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறுதான் வந்து உட்காருகிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் என்பது நல்ல அளவு. 70 கிலோ உள்ளவருக்கு 112 கிராம். உலர்ந்த சோயா உருண்டை 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம் இருக்கிறது. கொண்டைக்கடலைச் சுண்டல், பனீர், தயிர் எல்லாம் விரதத்துக்கு ஆகும். வே புரதப் பொடி சைவமா என்று கேட்கிறார்கள். அது பாலிலிருந்து பிரித்தெடுப்பதுதான்.

மலையேறுவதற்கு முந்தைய ஐந்து நாள் கால் பயிற்சி வேண்டாம். தொடை வலியோடு நீலிமலை ஏற்றத்தில் வெறுங்காலில் ஏறுவது கொடுமை. திரும்பி வந்ததும் பாதத்துக் கொப்புளம் ஆறும்வரை நின்று தூக்கும் பயிற்சிகளைத் தள்ளிவையுங்கள். அதுவரை பெஞ்சில் படுத்தபடி தூக்கும் பெஞ்ச் பிரஸ் போதும்.