நேச்சுரல் ஒயின்: 'இயற்கை ஒயின்' என்று சொன்னால் சரியா?

பிரெஞ்சில் 'வேன் நத்யூர்', ஆங்கிலத்தில் 'நேச்சுரல் ஒயின்'. தமிழில் யோசிக்காமல் 'இயற்கை ஒயின்' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் 'இயற்கை விவசாயம்' என்றால் நமக்கு ஆர்கானிக். அதனால் ரசாயன உரம் போடாத தோட்டத்துத் திராட்சையில் செய்த ஒயின் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அது பாதிதான்.

ஆர்கானிக் முதலில் தோட்டத்துக் கணக்கு. அந்தத் திராட்சை வீடு வந்த பிறகு விலைக்கு வாங்கிய ஈஸ்ட்டைப் போடலாம், ஒயின் கெடாமல் காக்கும் சல்பைட்டும் சேர்க்கலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சர்க்கரை எஞ்சாத ஆர்கானிக் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சல்பைட் வரை இருக்கலாம். சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு 150. வேன் நத்யூர் அதற்கு மேலே ஒரு படி. பழத்தோடும் நிலவறையோடும் வந்த ஈஸ்ட்டே நொதிக்க வைக்க வேண்டும், வேறெதையும் சேர்க்கக் கூடாது என்பதே அடிப்படை. கடைசியில் கொஞ்சம் சல்பைட் மட்டும் சிலர் சேர்ப்பதுண்டு. 2020-இல் பிரான்சில் ஏற்கப்பட்ட 'வேன் மெதோத் நத்யூர்' முத்திரைக்கு ஆர்கானிக் திராட்சை, கையால் பறிப்பு, 30 மில்லிகிராமுக்குள் சல்பைட் ஆகியவை கட்டாயம். முழுப் பூஜ்யம் கேட்க முடியாது. ஈஸ்ட்டே கொஞ்சம் சல்பைட்டை உண்டாக்கிவிடும்.

இந்தச் சொல் முன்பு வேறு பொருளில் வழங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் ஃபைலாக்செரா பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளை அழித்தது. தட்டுப்பாட்டில் சர்க்கரையையும் தண்ணீரையும் உலர்திராட்சையையும் வைத்துப் போலி ஒயின் செய்தார்கள். இத்தகைய போலிகளை எதிர்த்து 1907-இல் தென் பிரான்சின் லாங்டாக் பகுதி விவசாயிகள் 'வேன் நத்யுரெல்' வாழ்க என்று தெருவில் இறங்கினார்கள். அன்று அதற்குப் பொருள் அசல் திராட்சை ஒயின், அவ்வளவுதான்.

இன்றைய பொருள் பிரான்சின் பொஜொலே வட்டாரத்தில் பிறந்தது. ஒயின் வணிகரும் வேதியியலாளருமான ஜூல் ஷோவேயின் சல்பைட் சேர்க்காத வழியை, அங்குள்ள மொர்கோனில் ஒயின் செய்த மார்செல் லாப்பியேர் 1980-களில் தன் குடும்பத் தோட்டத்தில் நடத்திக் காட்டினார். 2010-இல் அவர் மறைந்த பிறகு மனைவியும் பிள்ளைகளும் அதை எடுத்துக்கொண்டார்கள். சல்பைட் இல்லையென்றால் சில அழுகல் பழங்களே தொட்டியைக் கெடுத்துவிடலாம். அதனால் அந்த வட்டாரத்தின் கமே வகைத் திராட்சையைக் கொத்துக் கொத்தாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். பெரிய ஆலைக்கு இது கட்டுப்படியாகாது.

சரி, தமிழில்? 'திராட்சரசம்' விவிலியத் தமிழில் ஒயின். இன்று பழச்சாறுக்கும் அதுவே. 'ஊறல்' நல்ல சொல், ஆனால் கள்ளச்சாராயச் செய்திகள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டன. 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்கிறது புறநானூறு 56. ஒயினுக்குத் தேறலை விடப் பழைய உரிமை எந்தச் சொல்லுக்கும் இல்லை. ஆனால் தேறுதல் என்றால் தெளிதல். வேன் நத்யூர் பலவும் வடிகட்டாமல் கலங்கலாகவே புட்டிக்குப் போகிறவை!

என் தெரிவு: ஆர்கானிக் ஒயினுக்கு 'இயற்கை வேளாண் ஒயின்', வேன் நத்யூருக்குச் 'சேர்ப்பிலா ஒயின்'.

பயன்பாடு: சேர்ப்பிலா ஒயினைக் குளிர்ந்த இடத்தில் வை, வெயில் பட்டால் புட்டிக்குள்ளேயே மறுபடி நொதிக்கத் தொடங்கலாம்.