அடைக்கோழியைத் தொந்தரவு செய்யாதீர்கள், அடைமுட்டையைக் கவனியுங்கள்

"பன்னிரண்டு முட்டை வைத்தேன், நான்குதான் பொரித்தது, இந்தக் கோழிக்கு அடை காக்கத் தெரியவில்லை" என்பது நாட்டுக்கோழி வளர்ப்போரிடமிருந்து ஒரு கால்நடை மருத்துவருக்கு அடிக்கடி வரும் குறை. பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்த்தால், பெரும்பாலும் கோழியின் மீது குற்றம் இருப்பதில்லை. சில முட்டைகளில் கருவே கூடியிருக்காது. வேறு சிலவற்றில் முதல் சில நாட்களிலேயே கரு இறந்ததற்கு அடையாளமான இரத்த வளையம் தெரியும். இவ்விரண்டும், கோழி அடையில் உட்காருவதற்கு முன்பே நாம் சேவலையும் முட்டையையும் எப்படி வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்தவை.

எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவல் போதும். ஆனால் அந்தச் சேவல் வயதானதாகவோ, கால் நோயால் மிதிக்க இயலாததாகவோ இருந்தால், எத்தனை முட்டை வைத்தாலும் கூமுட்டைதான் மிஞ்சும். அதைவிடப் பெரிய சிக்கல் முட்டையைச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. கருக்கூடிய முட்டை கோழியின் உடலுக்குள் இருக்கும்போதே கரு வளரத் தொடங்கிவிடுகிறது. வெளியே வந்து குளிர்ந்ததும் அவ்வளர்ச்சி நின்று, கோழியின் சூடு மீண்டும் கிடைக்கும் வரை காத்திருக்கிறது. இந்த நிறுத்தம் முழுமையாக இருக்க வேண்டுமெனில் வெப்பம் ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் வீடுகளின் அலமாரியில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும் வெப்பத்தில் வைக்கப்படும் முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து, வலுவிழந்து, அடை வைத்த சில நாட்களிலேயே இறந்துபோகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தீர்வாகாது. அங்குள்ள கடுங்குளிர் பொரிப்புத் திறனைக் குறைக்கும். ஈரமணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் கூர்முனை கீழே இருக்குமாறு முட்டைகளை அடுக்கி, பானையின் வாயை மெல்லிய துணியால் மூடி, மணல் காயாமல் நீர் தெளித்து வந்தால் போதும். கோடையில் நான்கைந்து நாட்களுக்கு மேற்பட்ட முட்டையையும், குளிர்ந்த மாதங்களில் ஒரு வாரத்துக்கு மேற்பட்டதையும் குழம்புக்கு எடுத்துக்கொள்வதே நல்லது. அழுக்கான முட்டையைக் கழுவி அடை வைக்கக் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பாதுகாப்புப் படலம் நீங்கி, நுண்துளைகள் வழியே கிருமிகள் உள்ளே புகுந்துவிடும்.

சிறுவிடை எனப்படும் சிறிய உடலுள்ள நாட்டுக்கோழிகள் அடை காப்பதிலும் குஞ்சுகளைப் பேணுவதிலும் மிகவும் தேர்ந்தவை. உடல் எடை கூடிய அசில் போன்ற இனங்களில் சில, முட்டையை மிதித்து உடைப்பதுண்டு. முட்டைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட வெள்ளை லெகார்னிடம் அடைக்கு உட்காரும் குணம் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. கலப்பினக் கோழிகளின் முட்டையைச் சிறுவிடையின் அடியில் வைத்துப் பொரிக்கச் செய்வது எளிய வழி. ஒரு கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள், அதாவது மார்புக்கும் இறக்கைக்கும் அடியில் வெளித்தெரியாமல் அடங்கும் அளவு, போதுமானது.

அடைக்கு இடம் தேடும்போது தகரக் கூரைக் கொட்டகையைத் தவிர்த்து, நிழலான, இருட்டான, நாயும் கீரியும் நுழைய முடியாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். கூடையின் அடியில் மணல், அதன்மேல் வைக்கோல் பரப்பினால் முட்டை உருளாது. கோழியை இடம் மாற்ற வேண்டியிருந்தால் இரவில் மாற்றுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே திரும்ப ஓடும். முட்டைகள் அனைத்தையும் ஒரே நாளில் வைத்துவிட வேண்டும். நம் ஊர்களில் இடியோசையால் முட்டை கெடாமலிருக்கக் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் இரும்பு ஆணியும் கூடையில் போடும் வழக்கம் உண்டு. அதனால் தீங்கில்லை, ஆனால் அந்தக் கரித்துண்டைக் கொண்டு ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கோடு போட்டுவைத்தால், வேறு கோழி வந்து இடையில் இட்டுச் செல்லும் முட்டையை அடையாளம் கண்டு அகற்றலாம் என்பது என் பரிந்துரை.

அடை தொடங்கும் முன் கோழியின் இறக்கையடியையும் ஆசனவாய்ப் பகுதியையும் கட்டாயம் பாருங்கள். பேனும், செல் எனப்படும் நுண்ணிய உண்ணியும் இருந்தால், மூன்று வாரம் ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும் கோழி அவற்றுக்கு நல்ல விருந்தாகிவிடும். அரிப்பும் இரத்த இழப்பும் தாங்காமல் பாதியில் அடையை விட்டு எழும் கோழிகள் பலவும் இதனால்தான் எழுகின்றன. மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்தை அடை வைப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே கோழிக்கும் கூட்டுக்கும் பயன்படுத்திவிட வேண்டும்.

இவற்றை முடித்தபின் வரும் 21 நாட்களில் நாம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. உள்ளே ஏறக்குறைய 37.5 டிகிரி வெப்பத்தைத் தன் மார்பின் இறகு உதிர்ந்த வெறுந்தோலால் கோழியே கொடுக்கிறது; முட்டைகளை நாள்தோறும் பலமுறை திருப்பி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளி, கரு ஓட்டோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. நாளுக்கு ஒருமுறை இரை தின்னவும் எச்சமிடவும் எழும். கால் மணி நேரமோ அரை மணி நேரமோ முட்டை குளிர்வதால் கெடுதல் இல்லை. கம்பு அல்லது மக்காச்சோளமும் தண்ணீரும் அருகில் இருந்தால் போதும். ஏழாம் நாள் இரவில் கைப்பேசி விளக்கின் மேல் முட்டையை வைத்துப் பார்த்து, நரம்பு ஓடாமல் தெளிவாக இருப்பவற்றை நீக்கிவிடலாம். அதற்கு மேல் நாள்தோறும் தூக்கிப் பார்ப்பது நம் ஆவலைத் தீர்க்குமே ஒழிய முட்டைக்கு உதவாது.

பொரிக்கும் நாளில்தான் பொறுமை மிகவும் தேவை. ஓட்டைக் கொத்திய குஞ்சு முழுமையாக வெளிவரப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் வற்றுகின்றன. இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தப்போக்கில் குஞ்சு இறக்கும். உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்கு உணவாகும் என்பதால், முதலில் வந்த குஞ்சு பசியால் வாடுமென்று தாயைக் கூடையிலிருந்து எழுப்ப வேண்டியதில்லை.

குஞ்சு இழப்பின் பெரும்பகுதி இதற்குப் பிறகு நிகழ்கிறது. முதல் இரண்டு மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் அடைத்து வளர்த்தால் பருந்து, காகம், பூனை ஆகியவற்றிடமிருந்து தப்பும். தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாக இருக்கட்டும். கூழாங்கற்களை இட்டால் குஞ்சு மூழ்காது. முட்டைக் கோழித் தீவனத்தைத் தாய்க்குப் போட்டால் குஞ்சுகளும் அதையே கொத்தும்; அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய் அப்போது முட்டையிடாததால், குஞ்சுத் தீவனத்தையே இருவருக்கும் வைக்கலாம்.

வெள்ளைக்கழிச்சல் அல்லது கோழிக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கு எதிரான தற்காப்பு தாயிடமிருந்தே தொடங்குகிறது. முட்டையிடத் தொடங்கும் முன் தடுப்பூசி போடப்பட்ட கோழி, தன் எதிர்ப்பு சக்தியை மஞ்சள் கரு வழியே குஞ்சுக்கு அளிக்கிறது. அது சில வாரங்களில் தேய்ந்துவிடும். ஆகவே ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையடித் தோலில் போடும் ஊசியும் தவறக் கூடாது. தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் நடத்தும் கோழிக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமில் இது இலவசமாகப் போடப்படுகிறது. முகாமுக்காகக் காத்திருந்து குஞ்சுகளை இழக்காமல், இடைப்பட்ட காலத்தில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.

குஞ்சு தேவையில்லாத நேரத்தில் கோழி அடைக்கு உட்கார்ந்தால், அடை தெளிவிக்க மூக்கில் இறகு செருகுவதும், தண்ணீரில் முக்கித் தலைகீழாகத் தொங்கவிடுவதும் இன்றும் பல ஊர்களில் நடக்கின்றன. இவை வேண்டாத கொடுமை. அடைத்தன்மையைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் ஹார்மோனின் சுரப்பு, கூட்டின் தொடுகையாலும் மார்புக்குக் கீழ்ச் சேரும் சூட்டாலும் நீடிக்கிறது. எனவே முட்டையை எடுத்துவிட்டு, அடியில் காற்றோடும் கம்பிவலைத் தரையுள்ள கூண்டில், நல்ல வெளிச்சத்தில், தீவனமும் தண்ணீரும் குறையாமல் மூன்று நான்கு நாள் வைத்தால் பெரும்பாலான கோழிகள் தெளிந்துவிடும். வெளியே விட்டதும் மறுபடி பழைய மூலையைத் தேடிப் போகும் கோழியை இன்னும் இரண்டு நாள் அதே கூண்டில் வைக்கலாம்.