சிங்கமீனின் முள் வேலை செய்யும் விதம்: வேட்டைப் பயிற்சிக்குக் காசு கட்டலாமா?

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி திருகோணமலையில் ஹோட்டல் வேலை பார்த்துக்கொண்டே சுழியோடக் கற்றவர். இப்போது கரீபியன் பக்கம் போகும் பயணக் கப்பல் ஒன்றில் வேலை சரிவந்திருக்கிறது. "அங்கே சிங்கமீன் பிடிக்கிற சுழியோடிகளுக்கு நல்ல கிராக்கியாம். போவதற்கு முன்னால் இங்கேயே ஒரு பயிற்சி எடுக்கச் சொல்லிக் காசு கேட்கிறார்கள். கட்டலாமா சேர்?"

காசு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அந்த மீனின் முள்ளைப் பற்றித் தெரிந்துகொண்டால் பாதிப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

சிங்கமீன் நம் பக்கத்து மீன்தான். சிவப்பும் வெள்ளையுமாக வரி ஓடிய உடம்பு, விசிறியாக விரிந்த செட்டைகள். இந்து சமுத்திரமும் பசிபிக்கும் அதன் சொந்த வீடு. இலங்கையைச் சுற்றியுள்ள முருகைக்கற்பாறைகளிலும் இருக்கிறது. அத்திலாந்திக்கில் அது முதலில் பதிவானது 1985 இல், அமெரிக்காவின் புளோரிடாவில் டேனியா கடற்கரைக்கு அப்பால். 1992 இல் அடித்த ஆண்ட்ரூ சூறாவளியில் ஒரு மீன்தொட்டி உடைந்து தப்பியது என்ற கதையை இன்னமும் சொல்கிறார்கள். புயலுக்கு ஏழு வருடம் முன்பே மீன் அங்கே இருந்துவிட்டது. அலங்கார மீன் வளர்த்தவர்கள் கடலில் விட்டதால் வந்த வினை என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. 2004 இல் பஹாமாஸை எட்டி, பிறகு கரீபியன் முழுவதும் பரவி, 2014 இல் பிரேசில் கரையிலும் தென்பட்டது. இதன் நெருங்கிய இனமொன்று சுயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள்ளும் போய்விட்டது.

வெளியிலிருந்து வந்த ஓர் உயிர் என்ன செய்யும் என்பதை மலையகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1869 இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சணம் கோப்பித் தோட்டங்களையே அழித்தது. அந்த மலைகளில் தேயிலை ஏறியதும், நம் குடும்பங்கள் கொழுந்துக்கூடை சுமந்ததும் அதற்குப் பிறகுதான். கடலில் நடப்பதும் அதே வகை விவகாரம். ஒரு பெண் சிங்கமீன் சில நாட்களுக்கு ஒருமுறை முட்டையிட்டு, வருடத்துக்கு ஏறத்தாழ 20 இலட்சம் முட்டைகளைக் கடலில் விடுகிறது. அந்தக் கடலின் சிறுமீன்கள் இதை எதிரியாக அறிந்ததில்லை. பக்கத்தில் வந்தாலும் ஓடுவதில்லை. பஹாமாஸில் சிறு பாறைத்திட்டுகளில் செய்து, 2008 இல் வெளியான பரிசோதனையில், சிங்கமீன் இருந்த திட்டுகளில் புதிதாக வந்து சேரும் உள்ளூர் மீன்குஞ்சுகள் ஐந்தே வாரத்தில் 79 சதவீதம் குறைந்திருந்தன.

இனி முள்.

மொத்தம் 18 நச்சு முட்கள்: முதுகில் 13, வயிற்றுப்பக்கச் செட்டைகளில் ஒவ்வொன்றாக 2, பின்னடிச் செட்டையில் 3. பார்ப்பவரைப் பயமுறுத்துவது பக்கவாட்டில் விரியும் அந்தப் பெரிய விசிறிகள்தான். அவற்றிலோ நஞ்சு துளியும் இல்லை.

ஒரு முள்ளைக் குறுக்கே மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தால் அது முழு வட்டமாக இருக்காது. இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும். அடியிலிருந்து நுனிப்பக்கம் வரை நீளவாக்கில் ஓடும் இரண்டு வாய்க்கால்கள் அவை. அவற்றுக்குள்ளே நஞ்சு சுரக்கும் மென்மையான இழையம் படுத்திருக்கிறது. இதையெல்லாம் மூடி, மேலே தளர்வான ஒரு தோலுறை.

இங்கே என்னென்ன இல்லை என்று பாருங்கள். ஊசியில் இருப்பது போன்ற துளை கிடையாது. நஞ்சைக் கொண்டுபோகும் குழாய் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிழிந்து தள்ள ஒரு தசை கிடையாது. நாகமும் புடையனும் கடிக்கும்போது நஞ்சுச் சுரப்பியைத் தசையால் நெருக்கித் தாமாகவே நஞ்சைச் செலுத்துகின்றன. எவ்வளவு விடுவது என்பதும் ஓரளவு பாம்பின் கையில் இருக்கிறது. சிங்கமீனால் அது முடியாது. அப்படியானால் நஞ்சு நம் உடம்புக்குள் எப்படி வருகிறது?

நாம்தான் ஏற்றிக்கொள்கிறோம். முள் தோலில் குத்தி உள்ளே போகும்போது நுனி மட்டும் நுழைகிறது. உறை வெளியே தடுக்கப்பட்டு, சட்டைக்கையை மேலே சுருட்டுவதுபோல முள்ளின் அடியை நோக்கித் தள்ளப்படுகிறது. அப்படிச் சுருளும் உறை வாய்க்காலிலுள்ள இழையத்தைக் கிழித்து நசுக்குகிறது. நசுங்கிய நஞ்சுக்கு வேறு போக்கிடம் இல்லை. வாய்க்கால் வழியே காயத்துக்குள் வழிகிறது. முள்மேல் நம் கை எவ்வளவு பலமாக அழுந்துகிறதோ அவ்வளவு நஞ்சு. விசை முழுவதும் குத்துப்பட்டவருடையது. செத்த மீனின் முள்ளும் அதனால்தான் குத்தும், நஞ்சும் ஏற்றும். அதற்கு உயிர் தேவையே இல்லை.

இந்த அமைப்பை 1955 இலேயே புரூஸ் ஹால்ஸ்டெட்டும் உடன் ஆய்வாளர்களும் விபரமாக வரைந்து வைத்தார்கள். அத்திலாந்திக்கில் அந்த மீன் தென்படுவதற்கு 30 வருடம் முன்பு! ஒரு மீனின் முள்ளைச் சீவிப் பார்க்க எதற்குப் பணம் என்று அன்று யாராவது மறுத்திருந்தால் இன்றைய சுழியோடிக்கு வழிகாட்ட ஒன்றும் இருந்திருக்காது. நம் நாட்டிலும் ஆராய்ச்சிப் பணம் கேட்டால் முதலில் வரும் கேள்வி "உடனே என்ன பலன்?" என்பதுதான். அந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. தேயிலை இலைகளை ஒட்டிச் சேர்த்து உள்ளிருந்து தின்னும் புழுவை அடக்க, 1935–36 காலத்தில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து இந்த மலைகளில் விட்டார்கள். மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்று பெயர். புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும் அந்தக் குளவி கொடுத்த பலன், உயிரியல் கட்டுப்பாட்டின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. யாரோ பொறுமையாகக் குளவியையும் புழுவையும் படித்திருந்ததால் கிடைத்த பலன் அது. சிங்கமீனுக்கு அப்படி ஓர் எதிரி இன்னும் கைக்கு வரவில்லை. அதனால்தான் ஈட்டியோடு மனிதர் இறங்க வேண்டியிருக்கிறது.

முள் குத்தினால் வலி கடுமையாக இருக்கும், வீங்கும். உயிர் போவது மிக மிக அரிது. நஞ்சின் முக்கிய கூறுகள் புரதங்கள். புரதம் தன் மடிப்புக் குலைந்தால் வேலை செய்யாது, மடிப்பைக் குலைக்கச் சூடு போதும். ஆகவே முதலுதவி சுடுநீர்: 45 பாகை செல்சியஸைத் தாண்டாத நீரில் 30 முதல் 90 நிமிடம். வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துபோகும். நீரை மற்றக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அமிழ்த்த வேண்டும். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் சுடுநீரோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சமைத்த சிங்கமீனைப் பயமில்லாமல் சாப்பிட முடிவதற்கும் இதே சூடுதான் காரணம். சதையில் நஞ்சு இருப்பதும் இல்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சுடுநீர் முதலுதவியைப் பாம்புக்கடிக்குச் செய்யாதீர்கள். தோட்டங்களில் இன்றும் பாம்பு கடித்தால் விஷக்கல் வைக்கவும் பார்வை பார்க்கவும் முதலில் ஓடுகிறார்கள். குளவிக் கூட்டம் கலைந்து கொழுந்தெடுப்பவர்களைக் கொட்டினால் சுண்ணாம்பைத் தடவி லயத்தில் படுக்கவைக்கிறார்கள். அந்த ஒரு மணித்தியாலம் உயிரின் விலை. மந்திரிப்பவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அவரிடம் நஞ்சை முறிக்கும் மருந்து இல்லை.

சரி, வேட்டையால் பலன் உண்டா? உண்டு, எல்லையோடு. 2014 இல் வெளியான பஹாமாஸ் ஆய்வொன்றில், பாறைகளில் சிங்கமீனின் எண்ணிக்கையை 75 முதல் 95 சதவீதம் குறைத்து அதே அளவில் வைத்திருந்தபோது அது இரையாக்கும் உள்ளூர் மீன்களின் மொத்த எடை 50 முதல் 70 சதவீதம் கூடியது. கடைசி மீன் வரை பிடிக்க வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் பொழுதுபோக்குச் சுழியோடியின் எல்லை 40 மீற்றர். சிங்கமீனோ 300 மீற்றர் ஆழத்திலும் இருக்கிறது. ஆழத்திலிருந்தும் மிதந்துவரும் குஞ்சுகளிலிருந்தும் மீண்டும் மீண்டும் நிரம்பும். அடிக்கடி வேட்டையாடிய இடங்களில் மீன் உஷாராகி ஒளியவும் பழகுகிறது. விட்டுவிட்டு அல்லாமல் தொடர்ந்து, அதுவும் கைதேர்ந்தவர்கள் இறங்கினால்தான் பலன்.

இப்போது தம்பியின் காசுக்கு வருவோம். பயிற்சியில் மதிப்புள்ள பகுதி மீனைக் குத்துவது அல்ல. தண்ணீருக்குள் மேலேயும் போகாமல் கீழேயும் அமிழாமல் ஒரே மட்டத்தில் நிற்கும் திறமைக்குக் காசு கொடுக்கலாம். அது இல்லாதவர் கையில் ஈட்டியும் வந்தால் மீனைவிட முருகைக்கல்தான் அதிகம் உடையும். குத்திய மீனைக் கையால் தொடாமல் ஈட்டியிலிருந்து நேரே குழாய்க் கொள்கலனுக்குள் தள்ளி உருவும் பழக்கத்துக்குக் கொடுக்கலாம். கை முள்மேல் அழுந்தும் ஆபத்து அந்த நேரத்தில்தான் அதிகம். முதலுதவிக்கும் கொடுக்கலாம். வேலை உறுதி என்ற பேச்சுக்கு ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. அங்கே வேட்டையாடுபவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள், அல்லது பரிசுப் போட்டிக்கு இறங்குபவர்கள்.

பயிற்சிக்காக இங்கே சிங்கமீனைக் குத்திக் காட்டுகிறோம் என்றால் உடனே மறுத்துவிட வேண்டும். இது அதன் சொந்தக் கடல். இங்கே அது யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. இங்கே வாங்கும் சான்றிதழ் அங்கத்தைய அனுமதிக்கு ஈடாகாது என்பதும் உண்டு. பஹாமாஸில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கி ஈட்டியால் மீன் குத்துவது குற்றம், மூச்சடக்கி இறங்கியே குத்தலாம். புளோரிடாவில் கை ஈட்டியால் சிங்கமீன் மட்டும் பிடிக்க மீன்பிடி அனுமதிப்பத்திரமே தேவையில்லை. கப்பல் எந்தத் துறைமுகங்களில் நிற்கும் என்று தம்பி முதலில் கேட்டு அறியட்டும். பிறகு அந்த இடத்துச் சட்டத்தைப் பார்த்து, அங்கேயே பயிலட்டும். இப்போது கையிலிருக்கும் காசை அடுத்த நிலைச் சுழியோடல் பாடநெறிக்குக் கட்டலாம்.